அணியத்தில் ஊற்றிய சாக்கே

பச்சைக் கண்ணாடி பாட்டில், ஏறக்குறைய ஒரு முழ உயரம். ஜப்பானில் மீன்பிடிப் படகில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு இராமேஸ்வரம் திரும்பியபோது அண்ணனுக்காக நான் கொண்டுவந்தது அதைத்தான். உள்ளே இருந்தது சாக்கே. வெந்த அரிசியில் பூஞ்சை ஏறவிட்டு, புளிக்கவைத்து எடுக்கிற மது. பீரைவிட மூன்று மடங்கு ஏறும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஊரில் அதை அரிசித் தண்ணீர் என்று சொன்னேன்.

அண்ணன் குடியை விட்டு அப்போது பதினான்கு மாதம். போதையில் சுக்கானைப் பிடித்து, பழைய வள்ளத்தைக் கடலடிப் பாறையில் மோதி உடைத்தவர். அதற்குப் பிறகு மாதா கோயில் பீடத்தைத் தொட்டு, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். அதை நம்பி மதினி தன் நகைகளை விற்றுப் புது வள்ளம் வாங்கிக் கொடுத்தார்.

வள்ளம் இறக்கிய அன்று காலையில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பாட்டிலைத் திறந்தேன்.

"அங்கன வருசத்துல மொதத் தொழிலுக்குப் போகுமுன்ன கேப்டன் இத அணியத்துல ஊத்துவாரு. மிச்சத்தக் குடிப்பாரு. அப்பத்தான் கடல் குடுக்குமாம்."

வள்ளத்தின் முன்பக்கத்தில், அணியத்தில், ஊற்றினேன். வாழைப்பழம் போல வாசம் வந்தது. மிச்சத்தை டம்ளரில் நீட்டினேன். அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்லே. சத்தியம் பண்ணிருக்கேன்."

"பிராந்திக்குத்தானண்ணே பண்ணுன. பூசையில சாமியார் வைன் குடிக்கலையா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை.

"கொழுந்தனாரே, அரிசித் தண்ணிதான் வேணும்னா வீட்டுல நீராகாரம் கெடக்கு. அத ஊத்துங்க, குடிப்பாரு."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஊரார் முன்னால் ஒரு பெண் என் வாயை அடைத்துவிட்டாளே என்று எனக்குக் கோபம். "மிச்சம் வச்சா வள்ளத்துக்கு ஆகாது" என்றேன். வள்ளம் உடைத்தவனிடம் சொல்லக்கூடாத சொல் அது. அண்ணன் ஈரமான அணியத்தைப் பார்த்தார். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பிறகு காலி டம்ளரை அவராகவே என்னிடம் நீட்டினார்.

இப்போது அந்த வள்ளத்தில் சுக்கான் பிடிப்பது நான். அண்ணன் விடிந்ததும் குடிக்கிறார். குடிக்கிறவன் எப்படியும் குடிப்பான், உன் பாட்டில் என்ன செய்யும் என்று ஊரில் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலைக் கொண்டுபோய்க் கடலில் போடட்டும்.

போன வாரம் கரையில் உட்கார்ந்து அண்ணன் கேட்டார்.

"ஏலே, அந்த சப்பான் கேப்டன் இன்னமும் தொழிலுக்குப் போறாரா?"

"போறாருண்ணே."

"அத்தனையும் குடிச்சிட்டு எப்படிலே போறாரு?"

கேப்டன் அதைக் குடித்ததே இல்லை. கோப்பையை உதட்டில் ஒற்றிவிட்டு வைத்துவிடுவார். சுக்கான் பிடிக்கிறவன் கரையேறின பிறகுதான் குடிக்கலாம் என்பார். கரையேறியதும் சர்க்கரைவள்ளிக்கிழங்குச் சாராயத்தில் வெந்நீர் கலந்து ஒரு கோப்பை, அவ்வளவுதான். மூன்று வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதை அண்ணனிடம் அன்றும் சொல்லவில்லை, போன வாரமும் சொல்லவில்லை.