சுவரில் ஒட்டிய சாப்பாட்டுக் கணக்கு

தாம்பரத்தில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து பொய் சொன்ன பையன்களை வெளியே நிற்க வைத்தவன்.

எனக்குச் சர்க்கரை வந்ததும், கிளினிக்கில் உணவு ஆலோசகர் ஒரு வாரம் சாப்பிடுவதையெல்லாம் எழுதி வரச் சொன்னார். நான் மறுவாரம் கிளினிக்குக் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் உட்கார்ந்து ஏழு நாளையும் எழுதினேன். காலை இரண்டு இட்லி. மதியம் ஒரு கப் சோறு, நிறையக் காய். இரவு ஒரு சப்பாத்தி. செம்பாக்கம் ஏரிப் பக்கம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தின்ற பஜ்ஜி எதுவும் அதில் இல்லை.

ஆலோசகருக்கு ஒரே சந்தோஷம். என் பேரை மறைத்து நகலெடுத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று சுவரில் ஒட்டிவிட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்லவே கூசுகிறது.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்காவும் அங்கேதான் வருவார். அவருக்கும் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். "இத்த கொஞ்சம் படிச்சு சொல்லு சார்" என்று அந்தத் தாளை எனக்கே காட்டினார். படித்தேன். "அந்த ஆளாட்டம் நானும் இருக்கணும் சார்" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து, எங்கள் வாசலில் மீன்கூடையை இறக்கியவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம். "ஊசி போட்டுகினு ரெண்டே இட்லிதான் சார் துன்னேன்" என்று குழறினார்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து என் மனைவி சமையலறைக்கு ஓடினாள். எனக்காகவே வீட்டில் சர்க்கரையை ஒழித்துக்கட்டியவள். "ஐயோ, இனிப்பா ஒண்ணுமே இல்லையே!" என்று கத்தினாள்.

இருந்தது. என் அலமாரியில், அகராதிக்குப் பின்னால், சோன்பப்டி. தெரிந்தும் சில நொடி அசையாமல் நின்றேன். அந்தச் சில நொடிக்கு என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

எடுத்து வந்து ஊட்டினேன். கால் மணி நேரத்தில் அக்கா தெளிந்தார். மனைவி பாதி காலியான டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்த ஆளு எப்டி சார் தாங்குறான்?" என்றார் அக்கா.

"அவன் தாங்கலக்கா. பொய்யா எழுதினான். அது நான்தான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் படிக்காதவ சார். எழுதி ஒட்னா நம்பிடுவேன்" என்றார்.

கூடையைத் தூக்கிவிட நான் குனிந்தேன். அவர் என் மனைவியைப் பார்த்து, "நீ ஒரு கை குடும்மா" என்றார்.