ராமாத்தாள் தலையில் கட்டிய உருமால்

டாப்சிலிப் போகும் வழியில் ஆனைமலையில் இறங்கினால் பார்க்க என்ன இருக்கிறது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். கோயில், ஆறு, தென்னந்தோப்பு எல்லாம் உண்டு. எனக்கோ ஆனைமலை என்றால், சீனச் சண்டை ஓய்ந்த கையோடு வந்த தை மாதத்தில் போன பயணம்தான்.

அப்போது நான் கோவையில் ஒரு பஞ்சாலைக் குமாஸ்தா. என்னோடு வேலை பார்த்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்த சுப்பிரமணி லீவில் வந்திருந்தான். ஆனைமலைப் பக்கம் அவன் படித்த உயர்நிலைப் பள்ளியில், ராணுவத்தில் இருக்கும் பழைய மாணவர்களுக்குக் கல்யாண மாப்பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி உருமால், அதாவது தலைப்பாகை, கட்டி மரியாதை செய்யப் போகிறார்கள், நீயும் வா என்றான். நானும் அவனோடு ஆள்சேர்ப்புக்குப் போனவன்தான். தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பாதத்தைத் தூக்கிக்கொண்டு கைதட்டவாவது போவோம் என்று கிளம்பினேன்.

சுப்பிரமணி முந்தின நாளே போய்விட்டதால், காலை ஏழு மணிக்கு உக்கடத்தில் தனியாகப் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி இருபத்தைந்து மைல். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கிணத்துக்கடவில் டிரைவர் டீ குடித்த நேரம் தனிக்கணக்கு. ஒரு ரூபாய் கொடுத்து மிச்சச் சில்லறையும் வாங்கினேன். பொள்ளாச்சியில் வேறு பஸ் மாறினால் ஆனைமலை இன்னும் ஒன்பது மைல்.

இந்த பஸ்ஸில் பாதி வழியில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா ஏறி, எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங் கண்ணு, பள்ளிக்கூடத்து விசேசத்துக்குங்களா?"

ஆமாம் என்றதும் மடமடவென்று பேச ஆரம்பித்துவிட்டார். பெயர் ராமாத்தாள். மகன் மயில்சாமி லடாக்கில் இருக்கிறான். வர முடியாதவர்களுக்குப் பதில் வீட்டு ஆம்பளை ஒருவர் உருமால் கட்டிக்கொள்ள வேண்டுமாம். புருசன் இல்லாததால் மச்சாண்டாருக்கு, அதாவது கணவரின் அண்ணனுக்கு, அழைப்புப் போயிருக்கிறது.

"பையன் படிக்கோணும்னப்ப, மாடு மேய்க்க அனுப்புன்னு சொன்னவருங்க அவரு. நான் களை வெட்டிப் படிக்க வச்சேன். இன்னைக்கு உருமால் மட்டும் அவரு தலைக்குங்களா?"

தாலியறுத்தவர்களை மணமேடைப் பக்கமே விடாத காலம் அது.

பள்ளி முழுக்க மாவிலைத் தோரணம். பையன்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூப்பறித்து மேடையை ஜோடித்திருந்தார்கள். ஊர்க் கல்யாணங்களில் சடங்கு நடத்தி வைக்கும் அருமைக்காரரே உருமால் கட்ட வந்திருந்தார். மொட்டை வெயிலில் விறைப்பாக நின்ற சுப்பிரமணிக்கு முதலில் கட்டினார். எனக்குப் பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பிறகு அப்பாக்கள் ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள்.

மயில்சாமி பேர் வந்தது. மச்சாண்டார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். கடைசி வரிசையில் ராமாத்தாள் எழுந்துவிட்டார்.

"பெரிய வாத்தியாரய்யா, பட்டாளத்துல நிக்கறது எம் பையனுங்க. உருமாலு எனக்குக் கட்டுங்க."

கூட்டமே திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மச்சாண்டாரிடம் கேட்டார்: "பையனை இந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கக் கையப் புடிச்சுக் கூட்டியாந்தது ஆருங்க?"

மச்சாண்டார் தரையைப் பார்த்தபடி, "அவதானுங்க," என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

அருமைக்காரர்தான் தயங்கினார். "பொம்பளை தலைக்கு நாங் கட்டுனதில்லீங்களே."

"பட்டாளத்துக்காரனுக்குக் கட்டறதும் இன்னைக்குத்தானுங்களே மொதத் தடவை. கட்டுங்க," என்றார் தலைமையாசிரியர்.

ராமாத்தாள் மேடை ஏறித் தலையை நீட்டினார். அந்த வெள்ளைச் சேலை முக்காட்டின் மேலேயே சிவப்புக் கரை உருமாலைச் சுற்றினார் அருமைக்காரர். நான் கைதட்டவே மறந்துவிட்டேன். கண்ணைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸிலும் அவர் உருமாலை அவிழ்க்கவில்லை. கண்டக்டர் ஒரு நிமிடம் விழித்தார். விஷயத்தைக் கேட்டதும், "முன்னால வந்து உக்காருங்க அம்மணி," என்று சன்னலோர சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார்.

எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். துணிச்சலை அவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. எல்லைக்குப் போனவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதும் அன்றுதான் புரிந்தது.

இப்போது போகிறவர்களுக்கு: உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் அடிக்கடி கிடைக்கும். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். அமாவாசை, செவ்வாய், வெள்ளியில் மாசாணியம்மன் கோயிலில் கூட்டம் தாங்காது. டாப்சிலிப்புக்கு வனத்துறை அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஏதாவது பள்ளியில் விழா நடந்தால், அழைப்பு இல்லாவிட்டாலும் பின்வரிசையில் போய் உட்காருங்கள். யாரும் எழுப்பமாட்டார்கள்.

மயில்சாமி அடுத்த வருடம் லீவில் வந்ததாகச் சுப்பிரமணி சொன்னான். அவனுக்கும் உருமால் கட்ட மச்சாண்டார் அருமைக்காரரைக் கூட்டி வரக் கிளம்பினாராம். "அவரு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு, தன் கையாலேயே மகன் தலையில் உருமாலைக் கட்டினாராம் ராமாத்தாள்.