யானை பார்க்கப் போட்ட திட்டம்

காட்டுக்குப் போய் யானை பார்க்க வேண்டும் என்று என் தங்கை சொன்னபோது நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். தோசை கருகுவதுகூடத் தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் புருஷனை யானை அடித்துக் கொன்று அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

“உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சாடி?” என்றேன்.

“ஒரே ஒரு தடவ, கிட்டத்துல பார்க்கணும்க்கா. அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம். ஏதோ எக்ஸிபிஷனுக்குக் கூட்டிப்போ என்கிற மாதிரி. எனக்கு வந்த கோபத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு என் வீட்டுக்காரரோடு சேர்த்து மூன்று பேருக்கும் டிபன் டீக்கடை பன்தான்.

காரியம் முடிந்த கையோடு அவளை ஓசூருக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்திருந்தேன். பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்டில் தனியாக எதற்கு இருக்க வேண்டும்? வந்தவள் பேசுவாள், துணி துவைப்பாள், டிவி முன்னால் உட்காருவாள். அழ மட்டும் மாட்டாள். பிணத்தை வீட்டில் போட்டிருந்தபோதே அழவில்லை. ராகியைத் தொடமாட்டாள். நான் களி கிண்டினால் அந்த வாசனைக்கே எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். முன்பெல்லாம் களி இல்லாமல் ஒரு நாள் இருக்கமாட்டாள் அவள். சின்ன வயதில் என் தட்டிலிருந்தும் பிய்த்துத் தின்பவள். அதனால் நானும் கிண்டுவதை நிறுத்திவிட்டேன்.

அவள் ஊர் தளி ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். ராகி முற்றும் காலத்தில் கர்நாடகாக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும். வருஷா வருஷம் நடப்பதுதான். பொம்பளைகளும் பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். ஆம்பளைகள் ராகி விளைந்து நிற்கும் கொல்லைக்குக் காவலுக்குப் போவார்கள். என் தங்கை புருஷன் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். செகண்ட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நேராகக் கொல்லைக்குப் போவார். எப்போது தூங்கினார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்தப் பக்கத்து ஆம்பளைகள் பாதிப் பேர் இப்படித்தான், பாதி கம்பெனி, பாதி கொல்லை. கம்பெனியில் சேஃப்டி ஷூ தருவார்கள், முன்பக்கம் இரும்பு வைத்தது. புது ஜோடி வந்ததும் பழையது கொல்லைக்கு வந்துவிடும். முள்ளுக்கும் பாம்புக்கும் நல்லது என்று எல்லாரும் அதை மாட்டிக்கொண்டுதான் காவலுக்குப் போவார்கள். முள்ளுக்கு நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? காலில் கல்லைக் கட்டிக்கொண்டு யானைக்கு முன்னால் எப்படி ஓடுவது என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நானும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டுதான் தினமும் கம்பெனி லைனில் நிற்கிறேன். எனக்கும்தான் தோன்றவில்லை.

அவரை யானை அடித்த அன்று விடிந்ததும் போன் வந்து, நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது ஆளைத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் கொல்லைக்குள் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியாது. மிதிபட்ட ராகிக்கு நடுவே வரப்பு ஓரத்தில் ஒற்றை ஷூ கிடந்தது. எனக்குக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் குறை எங்கே என்று கண் தானாகத் தேடும். ஷூவின் லேஸ் அறுந்திருக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாகத் தளர்த்தியிருந்தது. இன்னொரு ஷூ அவர் காலிலேயே இருந்ததைப் பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.

ஆக, அவர் பார்த்திருக்கிறார். அது வருவதைப் பார்த்து, இந்த ஷூவோடு ஓட முடியாது என்று புரிந்து, குனிந்து ஒன்றைக் கழற்றியிருக்கிறார். அடுத்ததற்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த ஷூவைப் பையில் போட்டு மறைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். ஊரில் எல்லாரும் என் தங்கையிடம், “ஒரு நிமிஷம்கூட ஆயிருக்காது தாயி, அவனுக்கே தெரிஞ்சிருக்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் கூடச் சேர்ந்து தலையை ஆட்டினேன்.

இப்படிப்பட்டவள் யானை பார்க்க வேண்டும் என்கிறாள். நான் முடியவே முடியாது என்றேன். என் வீட்டுக்காரர்தான் இளகினார். அவர் திருநெல்வேலிக்காரர். ஓசூருக்கு வேலைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் யானை என்றால் அவருக்குக் கோயில் வாசலில் நின்று தலையில் தும்பிக்கை வைப்பதுதான்.

“யானதானே? எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன், கோயில்ல ஆசை தீரப் பாரு” என்று அவளிடம் சொன்னார்.

“கோயில் ஆனை வேணாம் மாமா. அதுக்குச் சங்கிலி போட்டிருக்கும். சும்மா தன்னால நடந்து வர்ற ஆனை வேணும்.”

மனுஷர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இத்தன நாள்ல அவ வாயத் தொறந்து கேட்ட ஒண்ணே ஒண்ணு இதுதான். கூட்டிட்டுப் போவோமே” என்றார். நாள் பார்க்கச் சொன்னேன்.

வருஷக் கடைசியில் எங்கள் இரண்டு பேர் கம்பெனிக்கும் ஷட்டவுன் என்று லீவு விடுவார்கள். அதில் நாலு நாள் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அவருக்குப் பேய் பிடித்துவிட்டது. முதலில் பந்திப்பூர், அப்புறம் நாகரஹொளே, கடைசியில் முதுமலை. ஒரு காட்டில் தவறினால் இன்னொரு காட்டில் மாட்டாமலா போகும் என்று கணக்கு. எந்தக் காட்டில் காலை சஃபாரி நல்லது, எந்தக் காட்டில் சாயங்காலம் தண்ணிக்கு இறங்கும் என்று சாப்பிடும்போதும் போனில் வீடியோ ஓடும். பச்சைக் கலரில் மூன்று தொப்பி வாங்கிவந்தார். சிவப்புச் சேலை கட்டக் கூடாது, சென்ட் போடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் என்றைக்கு ஐயா சென்ட் போட்டேன்? கர்நாடகாப் பக்கம் ஆன்லைன் புக்கிங் திறக்கிற நேரத்தில் டாய்லெட்டுக்குப் போகிறேன் என்று லைனைவிட்டு நழுவி, போனும் கையுமாக நின்று சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினார்.

கம்பெனியில் என் கூட வேலை பார்க்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்ததும், “சஃபாரியா? கொடுத்துவெச்சவங்க” என்றார்கள். ஆமாம், ரொம்பத்தான் கொடுத்துவைத்தவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தவர், தளி வழியாகப் போனால் ட்ராஃபிக்கே இல்லை என்றார், அவளை வைத்துக்கொண்டே. நான் முறைத்த பிறகுதான் மண்டையில் ஏறியது. முகம் செத்துப்போய்விட்டது அவருக்கு. ஆனேக்கல் வழியாகவே போகலாம், ரோடு நல்லா இருக்கும் என்று ஏதோ உளறினார். அவள் அதைக் கவனித்த மாதிரியே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

“மாமா, ஜீப்புக்குக் கதவு இருக்குமா?”

“சில ஜீப் தொறந்துதான் இருக்கும். நல்லாத் தெரியுமே” என்றார் அவர், உற்சாகமாக.

“இறங்க விடுவாங்களா?”

“சேச்சே, காலக் கீழ வைக்கக் கூடாது.”

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். புருஷனைக் கொன்ற மிருகத்தின் முன்னால் போய் நிற்கத்தான் இவள் இவ்வளவு தூரம் வருகிறாளா? அதற்குத்தான் நாங்கள் ரூம் போட்டு, தொப்பி வாங்கி, திட்டம் போடுகிறோமா? அப்போதிலிருந்து திட்டம் என் கைக்கு வந்தது. ஜீப் வேண்டாம், ஜன்னலுக்குக் கம்பி போட்ட பஸ்தான் என்றேன். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், பஸ்ஸில் கூட்டம் சத்தம் போடும், யானை ஓடிவிடும் என்று. ஓடட்டும் என்றேன். சீட்டில் அவள் நடுவில், நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ரூமில் கதவுப் பக்கம் நான் படுப்பேன். வழியில் வண்டி நின்றால் அவள் பின்னால் ஒருத்தர் போக வேண்டும். இத்தனையும் அவருக்கு ரகசியமாகச் சொல்லிவைத்தேன்.

அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கிளம்புவதற்கு முந்தின நாள் பையில் துணி வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஜீப்ப வேணாம்னு சொன்னது நீதானேக்கா?”

“ஆமாடி.”

“எறங்கிடுவேன்னு பயமா?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “பின்ன? எதுக்குத்தான்டி போறே? அத என்ன கேக்கப்போறே? ஏன்டா கொன்னேன்னா?”

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். “எல்லாரும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது தெரிஞ்சிருக்காதுங்கறாங்க. அவ்ளோ பெரிய உருவம் வர்றது எப்பிடிக்கா தெரியாமப் போகும்? அது எப்பிடி வரும்னு நான் பார்த்ததே இல்லியே. அவரு பயந்தாரா, பயப்படறதுக்குள்ள முடிஞ்சிருச்சா... அது தெரியணும் எனக்கு. வேற ஒண்ணுமில்ல. எறங்கமாட்டேன், போ.”

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டுப் பரணில், பண்டிகைப் பாத்திரத்துக்குப் பின்னால், பிளாஸ்டிக் கவரில் இருந்தது. அவளுக்கு அந்தக் கேள்வி, எனக்கு அந்த ஷூ. நான் மூன்று தொப்பியையும் எடுத்துப் பைக்குள் திணித்தேன்.

பந்திப்பூரில் மான், மயில், எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டின குரங்கு. பஸ்ஸில் வந்த கூட்டம் ஒவ்வொரு கல்லையும் புலி புலி என்று கத்தியது. நாகரஹொளேயில் காட்டெருமை. யானை போட்ட சாணம் வழியெல்லாம் கிடந்தது, யானையைக் காணோம். என் வீட்டுக்காரர் தானே ஒளித்துவைத்த மாதிரிக் குறுகிப்போனார். நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டேன், இப்படியே முடியட்டும் என்று. அவள் எதுவும் தெரியாமலே வீட்டுக்குத் திரும்பினால் போதும்.

கடைசி நாள் முதுமலை. வண்டி ஒரு திருப்பத்தில் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வாயில் விரலை வைத்துக் காட்டினார். எதற்கு என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ரோட்டோரம் உண்ணிச்செடிப் புதர்தான் இருந்தது. நான் அந்தப் புதரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். புதருக்கு இந்தப் பக்கம் யானை நின்றது. எப்போது வந்தது? எப்படி வந்தது? ஒரு குச்சி முறிகிற சத்தமில்லை, இலை உரசும் சத்தமில்லை. பொட்டை யானை, பின்னால் இன்னொன்று, நடுவில் குட்டி. கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு கிட்டத்தில் நடந்து ரோட்டைத் தாண்டின. பஞ்சை வைக்கிற மாதிரிக் காலை வைத்தன.

நான் என் தங்கையின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை. மூன்றும் அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் போய் மறைந்தபிறகு மெதுவாகத் திரும்பினாள்.

“சத்தமே இல்லியேக்கா” என்றாள்.

“ஆமாடி.”

“இருட்டுல இப்பிடி வந்தா அவருக்குத் தெரிஞ்சே இருக்காது. இல்லக்கா?”

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவி மனுஷன், என்னை ஒற்றையாக விட்டுவிட்டார். அவள் என் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் பரீட்சைப் பேப்பரை நீட்டிவிட்டு நிற்பாளே, அதே பார்வை.

“தெரிஞ்சிருக்காதுடி” என்றேன். “சத்தியமாத் தெரிஞ்சிருக்காது.”

அவள் உதடு கோணியது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. முன் சீட்டிலிருந்த அம்மாள், யானைக்குப் பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் குண்டுலுப்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் நிறுத்தினோம். எல்லாருக்கும் சாப்பாடு சொல்ல என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், என் தங்கை பரிமாறுகிறவரைப் பார்த்து, “அண்ணா, நனகெ முத்தே கொடி” என்றாள் கன்னடத்தில், தனக்குக் களி வேண்டுமென்று. அவர் ஆவி பறக்க ஓர் உருண்டையைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலால் பிய்த்து, குழம்பில் புரட்டி, வாயில் போட்டு முழுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. அடுத்த வாய், அதற்கடுத்த வாய். பாதி உருண்டை போனதும், ஒரு காலத்தில் என் தட்டிலிருந்து பிய்த்துத் தின்றவள், என் இலையில் ஒரு துண்டைப் பிய்த்து வைத்தாள்.

“சாப்பிடுக்கா. நல்லா இருக்குது.”

களியை மெல்லக் கூடாது, முழுங்க வேண்டும். பிறந்ததிலிருந்து செய்கிற காரியம்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று அந்தத் துண்டை வாயில் போட்டேன். எவ்வளவு முயன்றும் எனக்கு அது இறங்கவில்லை.