விலை ஏறாத பெட்டி

நேற்று பதுளை ரயிலடியில் இறக்கி அடுக்கியிருந்த தகரப் பெட்டிகளைப் பார்த்ததும் நம் சின்னவன் கேட்டான்: "அப்பா, ஒங்க காலத்துல இதவிட மலிவா?" பிள்ளைகளே, இதற்குப் பதில் சொல்லத்தான் ஒரு காலத்தில் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். அப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது.

அந்தப் பெயிண்ட் வாசனை என்னைப் பெட்டி செய்யும் காதர் பாயின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் கடைத்தெருவில் ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தேன். பெட்டி, பித்தளைக் குடம், லாந்தர் என்று வருஷக்கணக்கில் உழைக்கும் சாமான்கள் விற்கும் கடை. தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் விலை பேசி, முன்பணம் கட்டிவிட்டுப் போவார்கள். பொருள் கைக்கு வருவதற்குள் செய்கிறவர் விலையை ஏற்றிவிட்டால் நஷ்டம் முதலாளிக்கு. ஆகவே மாதா மாதம் பட்டறை பட்டறையாகப் போய் விலை விசாரித்து வருவது என் பாடு. பெரிய உத்தியோகம் என்று நினைத்துத் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு போவேன்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்கு எல்லாம் மாட்டு வண்டி. உலகச் சண்டை வந்து கப்பல்கள் குறைந்ததும் வண்டியில் தகரத் தகடு வருவதும் குறைந்தது. குடத்தின் விலை ஏறியது, லாந்தர் விலை ஏறியது. காதர் பாய் மட்டும் சுத்தியலை நிறுத்தாமலே சொல்வார்: "அதே வெலதான் தம்பி."

நானும் ஓடிவந்து, "பெட்டி ஏறலீங்க மொதலாளி" என்பேன். அவர் முகம் மலரும்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் முத்தம்மா அக்கா, மகள் கல்யாணத்துக்குப் பெட்டி சொல்லி வைத்திருந்தார். மகள் வாழப் போகிற இடம் மடுல்சீமை. குளிர் எலும்பைத் தொடும். தோட்டத்தில் கொடுத்த புதுக் கம்பளியை அக்கா தான் போர்த்தாமல் அவளுக்கென்று வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சேலையும் கம்பளியும் வைத்து மூடிய பெட்டியாகக் கொடுக்க வேண்டும். கடையில் பார்வைக்கு வைத்திருந்த பெட்டியில் கம்பளியை மடித்து வைத்துப் பார்த்துத்தான் முன்பணம் கட்டினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெட்டி வந்தது. அக்கா கம்பளியை வைத்தார், மேலே சேலைகளை வைத்தார். மூடி இறங்கவில்லை. மகளின் தம்பி ஏறி உட்கார்ந்தான். அப்போதும் வாய் பிளந்தே நின்றது.

"வெல ஏறலையே அக்கா!" என்றேன் அவசரமாக.

"வெல ஏறலேன்னா, என் கம்பளி வீங்கிப் போச்சா தம்பி?"

காதர் பாயைக் கூட்டிவந்தோம். "வெலய ஏத்தலீங்க மொதலாளி. ஏத்துனா சனங்க நம்மள விட்டுப் போயிருவாங்கன்னு பெட்டிய கொஞ்சம் குறைச்சேன்" என்றார் தலைகுனிந்து. முதலாளி என்னைப் பார்த்தார். "அப்ப ஏறியிருக்கா, ஏறலையா? நீதானே பாத்துட்டு வந்தே!"

அதே காசு, சின்னப் பெட்டி. அக்காவோ யார் முகத்தையும் பார்க்காமல் கம்பளியை வெளியே எடுக்கத் தொடங்கிவிட்டார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காதர் பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மாலையில் திரும்பி வந்தபோது, மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஒட்டிய மூடி ஒட்டகத் திமில்போலக் கூனியிருந்தது. பச்சைப் பெயிண்ட் காயவேயில்லை. கம்பளி உள்ளே போனது, மூடி இறங்கியது. அக்கா முகம் தெளியவில்லை. மகள்தான் சிரித்தாள்: "விடும்மா, லயத்து வீடுகள்ல யார் பெட்டின்னு தேட வேணாம்." கூனலுக்குக் காதர் பாய் காசு வாங்கவில்லை. அதையும் சேர்த்தால் விலை ஏறியதா இறங்கியதா என்று முதலாளி மறுபடி கேட்டார். நான் லாந்தர் துடைக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு, பெட்டி விலை விசாரிக்கப் போகும்போது, உள்ளே வைத்து அளவு பார்க்கத் தோளில் ஒரு கம்பளியோடு போனேன். "என்னடா, வெயில்ல குளிருதா?" என்று தெருவே சிரித்தது.

நேற்று ரயிலடியிலும் என் கை தோளைத் தடவியது, துண்டுதான் இருந்தது. கடைக்காரரிடம், "இது முன்னையவிடச் சின்னதா இருக்குங்களே?" என்றேன். "கொழும்புலருந்து இப்படித்தாங்க வருது" என்றார். காதர் பாயின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. விலை சொல்ல இன்றைக்கும் ஆள் இருக்கிறது, "ஏன் இப்படி?" என்று கேட்டால் தலைகுனிய ஆள் இல்லை.