பனிக்குகை போட்டோவின் ஓரத்தில் ஒரு கை

மலையிலிருந்து இப்போதுதான் ஆக்லாந்து வந்து சேர்ந்தோம். கோபம் இன்னும் இறங்கவில்லை.

பனிக்குகை வாசலில் 'உள்ளே போகாதீர்கள், கூரை இடிந்து விழலாம்' என்று பெரிய போர்டு. என் கணவர் அதைத் தாண்டிப் போய், நாலு வயது மகளை உள்ளே நிறுத்திவிட்டு போனை எடுக்கிறார்.

"ரெண்டே நிமிஷம்மா. ஊர்ல எல்லாருக்கும் காட்டணும்ல?"

கூரையிலிருந்து அவள் தொப்பி மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவளை வெளியே இழுத்தேன்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று கார் பயணம் முழுக்க எனக்குத்தான் உபதேசம்.

அதற்குள் குடும்ப குரூப்பில் போட்டோ ஏறிவிட்டது.

மாமியார்: "அப்பா மாதிரியே தைரியசாலி."

நாத்தனார்: "ஓரத்துல யார் கை அது? வெட்டிட்டுப் போட்டிருக்கலாமே."

என் கைதான், அண்ணி. அதை வெட்டாதீங்க. பிள்ளை முழுசா வீடு வந்து சேர்ந்தது அந்தக் கையாலதான்.