சாய்ரகுல் அக்காவின் நான்கு நாற்காலிகள்

ஒரு குடும்பம் அறைக்குள் நுழைந்தால் சாய்ரகுல் அக்கா எழுந்து வரவேற்பதில்லை. "உக்காருங்க" என்றும் சொல்வதில்லை. மேசை இழுப்பறையில் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்துகொள்கிறார். அறையில் நான்கு நாற்காலிகள், நான்கும் நான்கு விதம். யார் எதில் உட்காருவது என்று அவர்களே முடிவு செய்து, செருமல்களும் நாற்காலிகளின் கிறீச்சொலியும் அடங்கிய பிறகு நிமிர்கிறார். முதல் கேள்வி எப்போதும் கதவை ஒட்டிய நாற்காலிக்குத்தான்: "நேத்து எத்தனை மணிக்குப் படுத்த?"

எங்கள் நரின் மலைப் பக்கத்து வீடுகளில் கதவோரம் மருமகளின் இடம். தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் அங்கேதான் இருக்கும். எல்லோருடைய கிண்ணங்களையும் வாங்கி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அவள் கிண்ணம் ஆறிப்போயிருக்கும். மருத்துவமனையின் இரண்டாம் மாடிக்கு வந்த பிறகும் அவள் கால்கள் அந்த இடத்தைத் தேடித்தான் போகின்றன. "பாதி விவரம் அந்த நாற்காலியிலேயே கிடைச்சிடுது. மீதியத்தான் நான் கேக்குறேன்" என்பார் அக்கா.

வயது ஐம்பத்தெட்டு. மனநல மருத்துவர் என்றதும் மெல்லிய குரலில் பேசும் நகரத்துச் சீமாட்டியை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். மாடு கறக்கக் கிளம்பியவர் போலச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். மேய்ச்சல் நிலங்களுக்குக் குதிரையில் போய்ப் பதினைந்து ஆண்டுகள் பிரசவம் பார்த்தவர். குழந்தையைப் பார்க்க ஊரே வருகிறது, பெற்றவளைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை என்று கண்டு, நாற்பது வயதில் தலைநகர் பிஷ்கெக் போய் மறுபடியும் படித்தார்.

வெள்ளைக் கோட்டின் வலது பை எப்போதும் புடைத்திருக்கும். உள்ளே உப்புப் போட்டு உலர்த்திய தயிர் உருண்டைகள். கூழாங்கல் போன்றவை, கடித்தால் பல் போய்விடும். வாயில் ஒதுக்கிக் கரைத்துத்தான் தின்ன வேண்டும், பத்து நிமிடமாவது ஆகும். குடும்பத்தில் யார் வாயை மூடாமல் பேசுகிறாரோ அவரிடம் ஓர் உருண்டையை மரியாதையாக நீட்டுவார். பெரியவர் தருவதை எங்களில் யாரும் மறுக்க முடியாது. அந்தப் பத்து நிமிடத்தில் பேசாதவர் பேசத் தொடங்கிவிடுவார்.

அந்த உருண்டையை நானும் வாங்கித் தின்றிருக்கிறேன். நன்றியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத குடும்பம் எங்களுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற பிப்ரவரியில் என் தங்கை தான்சுலுவை அங்கே அழைத்துப் போனேன். கையில் ஏழு மாதக் குழந்தை. கணவன் எர்மெக் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். அவள் மாமியார் புருல் அம்மாவும் கூட வந்தார். தங்கை சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, ஆற்றங்கரையில் போய் நின்றுவிடுகிறாள். ஏதோ பிடித்துவிட்டது என்று புருல் அம்மா ஒரு மந்திரக்காரியை அழைத்துவந்து, தங்கையின் தலைக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்து, உருக்கிய ஈயத்தை அதில் ஊற்ற வைத்திருந்தார். ஈயம் உறைந்த வடிவத்தைப் பார்த்து எந்தப் பேய் என்று சொல்வார்களாம்! எனக்கு ரத்தம் கொதித்தது. பேய் என்ற ஒன்றை முதலில் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். பேய்தான் காரணம் என்று ஆகிவிட்டால் வீட்டில் யாரும் எழுந்து ஒரு பாத்திரம் கழுவ வேண்டியதில்லை.

தான்சுலு நேராகக் கதவோரத்து நாற்காலிக்குப் போனாள். நான்தான் ஆரம்பித்தேன்.

"டாக்டர், இந்தக் காலத்துல ஈயத்தக் காய்ச்சி ஊத்துறாங்க! நான் பள்ளிக்கூடத்துல இயற்பியல் சொல்லித்தர்றவன். என் தங்கச்சி தலைக்கு மேலயே..."

"வாத்தியாரே, இந்தாங்க" என்று உருண்டையை நீட்டினார். "நல்ல தயிர். எங்க வீட்டுத் தயிர்."

என் வாய் அடைபட்டது. புருல் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"என்ன குறை வச்சேன் டாக்டர்? அடிச்சேனா, திட்டுனேனா? புள்ள கத்துது, இவ காதுலயே விழல. எதையோ மிதிச்சிட்டா."

"மிதிச்சிருப்பா. காலைல எத்தன மணிக்கு மாட்டுக்குப் போறா?"

"நாலரைக்கு. மருமகள்னா போகணும்ல?"

"ராத்திரி புள்ள எத்தன தடவ எழுப்புது?"

"அது எனக்கெப்படித் தெரியும், நான்தான் தூங்கிடுவேனே."

சொன்ன பிறகுதான் புருல் அம்மாவுக்குத் தன் சொல்லே காதில் விழுந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு குத்தவில்லை. நானாக இருந்தால் குத்தியிருப்பேன். எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். உள்ளே நடந்ததைத் தங்கை பின்னாளில் சொன்னாள்.

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"தோணுது அக்கா."

"ஆத்தங்கரைக்குப் போறது அதுக்குத்தானா?"

தங்கை தலையசைத்திருக்கிறாள். அக்கா பதறவில்லை, குழந்தை முகத்தைப் பாரு என்று உபதேசிக்கவும் இல்லை. "சொன்னது நல்லதாப் போச்சு. இனிமே இத நீ ஒருத்தியே தூக்கிட்டுத் திரிய வேணாம். இது உடம்புக்கு வந்த நோவு. காய்ச்சல் மாதிரி வரும், பாத்தாப் போயிடும். உன் மாமியாருக்கும் தெரியணும். நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகாதா என்று பின்பு ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். "கேட்டதால அந்த நெனப்பு வந்தவங்க ஒருத்தரையும் நான் பாத்ததில்ல வாத்தியாரே. யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டிருந்தவங்களத்தான் பாத்திருக்கேன்" என்றார்.

தான்சுலுவுக்கு மாத்திரை எழுதினார். பால் கொடுப்பவள் சாப்பிடக்கூடியது. பிறகு இன்னொரு தாளை எடுத்து, புருல் அம்மாவின் பெயருக்கு ஒரு சீட்டு எழுதினார்: "நோயாளியைத் தனியே ஆற்றுப் பக்கம் விடக் கூடாது. காலை மாட்டு வேலை கூடாது. இரவில் இரண்டு தடவை குழந்தையை மற்றவர் பார்க்க வேண்டும். பகலில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்தி ஓய்வு. அப்போது எவரும் உள்ளே போகக் கூடாது." அடியில் கையெழுத்து. அதன்மேல் மருத்துவமனையின் வட்ட முத்திரையை ஊதி ஊதி அழுத்தினார். எங்கள் ஊரில் வாய்ச்சொல்லுக்கு ஆயிரம் மறுப்பு உண்டு, வட்ட முத்திரைக்குக் கிடையாது. அது இல்லாமல் இங்கே பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. "மருமகளுக்கு ஓய்வு குடுங்கன்னு நான் சொன்னா ஊரு என்னைய ஏசும். முத்திரைய யாரு ஏசுவா?" என்று கண்ணடித்தார்.

புருல் அம்மா அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் தான்சுலு வந்து, நாங்கள் இருக்கும்போதே முறையிட்டாள்: "அக்கா, அத்தை என்னைய உள்ள விட்டு வெளிய பூட்டிட்டாங்க! மாமா கம்பளிக் கோட்டு எடுக்க வந்தாரு. அவரையும் விடல, டாக்டரு உத்தரவுன்னு தடியோட நின்னாங்க." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு அது. அக்கா சீட்டை வாங்கி ஒரு வரி சேர்த்தார்: "சாவி நோயாளியிடம் இருக்க வேண்டும்."

புருல் அம்மா சிரிக்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மூணு பெத்தேன் டாக்டர். மூணாவது பொறந்தப்ப நானும் ஆத்தங்கரைல நின்னிருக்கேன். எனக்கு யாரும் இந்த மாதிரி எழுதித் தரல."

என் நாக்கில் நிறையச் சொற்கள் இருந்தன: நீங்கள் பட்டதை இவளும் படவேண்டுமா, இதுதான் நியாயமா என்று. என்னைக் காப்பாற்ற உருண்டையும் இல்லை. நல்லவேளை, அக்கா முந்திக்கொண்டார். புதுத் தாள் எடுத்தார். "புருல், வயசு?" "அம்பத்தாறு." "வியாழக்கிழமை தோறும் மருமகளோடு இவரும் வந்து அரை மணி நேரம் பேச வேண்டும்" என்று எழுதி அதற்கும் முத்திரை குத்தினார். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் ஓர் அநியாயத்தை நிறுத்த முடியும் என்று அன்றுவரை நான் நம்பியதில்லை.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை இருவருமே வரவில்லை. நடுப்பகல் ஆயிற்று. புருல் அம்மாவின் தொலைபேசி அணைந்திருந்தது, தங்கையுடையதும் அப்படியே. அக்கா பள்ளிக்கூடத்துக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். காத்திருந்தவர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வாடகைக் காரில் முக்கால் மணி நேரம். ஆற்றை ஒட்டியே போகிற சாலை. பனிக்கட்டி விளிம்புகளுக்கு நடுவே தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எத்தனையோ வீடுகளுக்குத் தைரியம் சொன்ன அந்த அம்மாள் வழி முழுக்க அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். ஓட்டுநரிடம் இரண்டு தடவை, "கொஞ்சம் வெரசாப் போ தம்பி" என்றார்.

வாசற்கதவைத் தள்ளியபோது புருல் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நுனிக்காலில் வந்தார்.

"சத்தம் போடாதீங்க! தூங்குறா. காலைல பத்து மணிக்குப் படுத்தவ, தானாவே தூங்கிட்டா டாக்டர், மாத்திரைகூட இல்லாம. ஃபோன் அடிச்சா முழிச்சிக்குவான்னு ரெண்டையும் அணைச்சுப் போட்டேன். நாயக்கூடப் பக்கத்து வீட்டுல கட்டிட்டேன்."

"சம்பந்தியம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க உசுரக் கையில புடிச்சிக்கிட்டு..." என்று தொடங்கினேன். அக்கா என் கையை அழுத்தினார்.

வீட்டுக்கும் வாசலுக்கும் நடுவே முப்பது தப்படி முற்றம். பகல் வெயிலில் இளகி மறுபடி இறுகிய பனி. கால் வைத்தால் கண்ணாடி உடைவதுபோல் நொறுங்கியது. அக்கா அந்தப் பனியைப் பார்த்தார், சன்னல் திரையைப் பார்த்தார். வாசற்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தார். கம்பளிக் காலுறையோடு, மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, பனியின்மேல் நடந்து போனார்.