கஸ்தூரி அக்கா உள்ளே விட்ட துணி

போன வாரம் ஒரு மதியம் கஸ்தூரி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. காய்ச்சலோடு மருத்துவமனையில் இருந்தவர் பேசும் அளவுக்குத் தேறிவிட்டார் என்று நினைத்து, எங்கள் வழக்கப்படி, "இன்னாக்கா வேணும்?" என்றேன். பேசியது அவருடைய தம்பி. "அக்கா பூட்ச்சும்மா. டெங்கு, காப்பாத்த முடில" என்றார்.

சனிக்கிழமைகளில் மருத்துவமனையின் உடல் எடைப் பிரிவில் எங்களோடு காத்திருந்த உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். இந்த "இன்னா வேணும்" தெரிந்திருக்காது. வயிறு நிறைந்த பிறகும் சாப்பிடச் சொல்லிக் கை பரபரக்கும்போது, எங்களில் ஒருவர் மற்றவரை அழைப்போம். நான் பப்ஸ் என்பேன். அவர் பஜ்ஜி என்பார். அந்த நேரம் கடக்கும்வரை பேசிக்கொண்டிருப்போம். சில நாள் கடக்காது. மறுமுனையில் மெல்லும் சத்தம் கேட்கும். கேட்டது போலக் காட்டிக்கொள்ள மாட்டோம்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார இடம் போதவில்லை என்று சிரித்தார்கள். ஒன்பதாவதோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டிலேயே இருந்ததில் எடை இன்னும் கூடியது, சர்க்கரையும் வந்தது. அக்காவைச் சந்தித்த முதல் நாள், மருத்துவமனையிலிருந்து ஆவடிக்குத் திரும்ப ஷேர் ஆட்டோவில் ஏறப் போனேன். "பாப்பா ரெண்டு சீட்டு துட்டு குடுத்தா ஏறட்டும்" என்றார் ஓட்டுநர். நான் ஏறாமல் நடக்கத் தொடங்கினேன். பின்னாலேயே வந்த அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூணு பேர் சீட்ல அஞ்சு பேர வெச்சி அமுக்குறியே அண்ணாத்தே, அப்போ அரை துட்டா வாங்குற?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓட்டுநரும் சிரித்துவிட்டு, "ஏறு தாயி, வாயிலயே வண்டி ஓட்டுவ போல" என்றார்.

அக்காவுக்கு முன்பே வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. முதலில் திரவமாகவே குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்க வந்தவர்கள் ரோஸ்மில்க்கும் பாதாம் பாலும் வாங்கி வந்தார்கள். தண்ணீர் மாதிரிதானே என்று அக்காவும் நாள் முழுக்க உறிஞ்சினார். பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இறங்கிய எடையில் பாதி திரும்பி வந்தது. புதிதாக வருகிறவர்களிடம் இதை அவரே சொல்வார்: "வயித்த சின்னதா பண்ணாங்கோ. ஆசைய அப்டியே உட்டாங்கோ. அத நாமதான் பாத்துக்கணும். ஆனா முட்டி வலி பூட்ச்சு, சக்கர மாத்திர கொறஞ்சிச்சு. அதையும் சொல்லணும்ல?"

அவர் அப்படி இரண்டையும் சொன்னதால்தான் என் அம்மா எனக்கும் அந்தச் சிகிச்சைக்குச் சம்மதித்திருந்தாள். வரும் சனிக்கிழமை மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவு சொல்வதாக இருந்தது.

அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். எனக்கு ஒரு நீலச் சுடிதார் தைத்துக் கொடுத்தார். ஓரங்களில் துணியை வெட்டாமல் நிறைய உள்ளே விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"எளச்சா புடிச்சிக்கலாம். குண்டானா பிரிச்சிக்கலாம். துணி உன்னத் திட்டாதுடி."

துக்கத்துக்குப் போன நானும் அம்மாவும் சேக்காட்டில் அவர் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், "வவுத்த அறுத்துக்கினாளே, அதான் ஒடம்பு தாங்கல" என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "உனக்கு அதெல்லாம் வேண்டாம். குண்டாவே இரு. உயிரோட இரு."

நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் பேசியதில்லை. "டெங்குல செத்தாங்க" என்றேன்.

"இன்னா சொல்ற பாப்பா? காதுல உயல."

இரண்டாவது முறை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "டெங்குல செத்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சு வருஷக்கணக்கா வேலைக்குப் போனாங்க." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் தம்பி, "பாப்பா சொல்றதுதான் நெசம்" என்றார்.

நேற்று சாயங்காலம் கை பரபரத்தது. கைபேசியை எடுத்து அக்காவின் எண் வரை போய்விட்டு, வைத்துவிட்டேன். அடுப்படிக்குப் போய், "பப்ஸ் வேணும் போல இருக்கும்மா. வாங்கித் தரவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். கேட்டுக்கிட்டு இரு, போதும்" என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "வேற என்ன வேணும்?" என்று கேட்டாள்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. அறுவை சிகிச்சை நடக்குமா, நடந்தாலும் என் ஆசையை நான் பார்த்துக்கொள்வேனா என்று தெரியவில்லை. டாக்டர் சொல்வதைக் கேட்க மட்டும் வருகிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்வியும் நீலச் சுடிதாரும்தான். சனிக்கிழமை அதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன். உள்ளே விட்ட துணியை நான் வெட்டப் போவதில்லை.